நெஞ்சில் கட்டிய பூமுடிச்சு

உன் மனைவி இன்று காலை ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். பிரிக்கும் முன்பே கடலுப்பும் பழைய கயிறும் மணந்தன. உன் கச்சை. சங்கு குளிக்க இறங்கும்போது தோளையும் நெஞ்சையும் சுற்றி நீ கட்டிக்கொள்ளும் கயிறு.

"நடுப்பூ மட்டும் அவுந்தே கெடக்கு அண்ணே. வருசப் பூசைக்கு அவுக படத்துக்குக் கீழ மாட்டணும். கட்டித் தாங்க" என்றாள்.

நாங்களெல்லாம் இரண்டு முடிச்சைப் போட்டுக்கொண்டு கடலில் குதிப்போம். உனக்கு மட்டும் தோளுக்கு ஒரு பூமுடிச்சு, விலாவுக்கு ஒரு பூ, பூட்டுகிற இடத்தில் நெஞ்சுக்கு நேராக இதழிதழாய் ஒரு பெரிய பூ. "சங்கு குளிக்க வந்தியா, மாப்பிள்ளையா வந்தியாலே?" என்று கேலி செய்வேன். இறுகிப்போன முடிச்சுக்கு நான் கத்தியை எடுத்தால் உனக்குக் கோபம் வந்துவிடும். "அறுக்கதுக்கு எலிக்கும் தெரியும்லே. வச்சிரு கத்திய" என்பாய். உன் கயிற்றில் நான் கத்தி வைத்ததேயில்லை.

நீ கடைசியாக இறங்கிய அன்று வெகுநேரமாகியும், கச்சையில் பிணைத்த கயிற்றைக் கீழேயிருந்து நீ அசைக்கவில்லை. இழுத்தோம். நினைவில்லாமல் வந்தாய். நனைந்த கச்சை இறுகிக் கிடந்தது. அதைக் கழற்றினால்தான் நெஞ்சை அழுத்த முடியும். "அறுலே! என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்க?" என்று படகோட்டி கத்தினார். கத்தி என் கையில்தான் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு, உன் பூவின் இதழ்களை நகத்தால் கிளறிக்கொண்டிருந்தேன், பாவி. கண் விழித்ததும் திட்டுவாய் என்று நினைத்தேன்.

மூச்சு முன்பே நின்றிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இருக்கலாம். எனக்கு மனம் ஆறவில்லை.

அடக்கம் முடிந்து கச்சையைக் கொடுத்தபோது உன் மனைவி அதைத் தடவிப் பார்த்து அழுதாள். "அறுத்துப் போடாம அவுத்துக் கொண்டாந்தியளே அண்ணே. அவுக கைவேல முழுசா இருக்கு. ஒங்களுக்காக மாதா கோயில்ல மெழுகுதிரி ஏத்துதேன்" என்றாள். நான் தலையாட்டினேன். இன்று காலையும் அவளிடம் தலையைத்தான் ஆட்டினேன்.

இப்போது எங்கள் படகில் யார் இறங்கினாலும் கடைசி முடிச்சை நான்தான் போடுகிறேன். ஒரு முனையை மடித்து வெளியே விட்டுவிடுவேன். அதை இழுத்தால் மொத்தமும் கழன்றுவிடும். பார்க்க அழகாக இருக்காது. உன் நடுப்பூவையும் கட்டி முடித்து, இதழுக்கு அடியில் அப்படி ஒரு முனையை விட்டேன். படத்துக்குக் கீழே தொங்கப்போகும் கயிற்றுக்கு அது எதற்கு என்று நீ சிரிப்பாய்.

ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். பூ அவிழ்ந்து கச்சை மடியில் விழுந்தது. இவ்வளவு நேரம்தான் மக்கா. அன்றைக்கும் இவ்வளவு நேரம்தான் ஆகியிருக்க வேண்டும்.