பிஸ்கட் வைக்காத இடம்

2003 ஒக்டோபர் 27, திங்கள்

காலையில் நல்ல வெயில். இரண்டு மணிக்கு மேல் இடியோடு மழை. குடை கொண்டுபோகவில்லை. கொண்டுபோகிற நாளில் மழை வராது.

பிரதேச சபை மண்டபத்தில் சுற்றாடல் செயலமர்வு, முதல் நாள். ஊர்க் குப்பையை எங்கே கொட்டுவது என்று மக்களே கூடிச் சொல்ல வேண்டுமாம். சண்டை ஓய்ந்ததிலிருந்து மாதத்துக்கு ஒரு செயலமர்வாவது வந்துவிடுகிறது. எனக்கு எப்போதும் போல ஒரே வேலை: சிங்களத்தைத் தமிழாக்கு, தமிழைச் சிங்களமாக்கு, சொந்தமாக ஒன்றும் சேர்க்காதே.

செயலமர்வை நடத்துகிற வளவாளர் யோகநாதன் என்று ஒருவர், கண்டியில் திட்டமிடல் உத்தியோகத்தர். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வயது முப்பது இருக்கும். என்னை அக்கா என்கிறார். மிஸ் என்று கேட்டுக் கேட்டு அலுத்த காதுக்கு இதமாக இருந்தது. (இனி யோ.)

கொக்கோ தோட்டத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். முன்வரிசையில் பாக்கியம்! ஒரே லயத்து வரிசை வீடுகள், ஒரே வகுப்பு, ஒரே பேன்சீப்பு. பார்த்து எத்தனை வருஷம்.

"என்னாடி ஸ்டெல்லா, டவுனுக்குப் போயி காஞ்ச மொளகு மாதிரி ஆயிட்ட?"

"நீ மட்டும் என்ன, பச்சை மொளகா?"

சபைத் தவிசாளர் திரும்பிப் பார்த்தார். இதை மொழிபெயர்க்கவில்லை.

யோ. கோலப்பொடியும் செங்கல் தூளும் கொடுத்து, "உங்கட தோட்டத்தைத் தரையில கீறுங்கோ" என்றார். பெண்கள் கொஞ்ச நேரம் வெட்கப்பட்டார்கள். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். மேடைப் பக்கம் மலை. "மலை மேலதானே இருக்கணும்" என்றாள் பாக்கியம். அதிலிருந்து கீழே கீழே வந்தார்கள்: மேல் ரோட்டு, ஊற்று, தண்ணீர் பிடித்துக் குளிக்கிற பீலி, மேல் லயம், மிளகுத் தோட்டம், கொக்கோ காயவைக்கிற பாபக்கியூ, கீழ் லயம், கீழ் ரோட்டு. பீலிக்கு அடையாளமாகத் தன் கிளாஸ் தண்ணீரை வைத்தாள். ஆள் இருக்கிற ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒரு மாரி பிஸ்கட்.

சபை உறுப்பினர் ஒருவர் ஃபோன் பேசிக்கொண்டே குனிந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுவிட்டார்.

"சார், அது செல்லம்மா வூடு!"

இதை மொழிபெயர்த்தேன். மண்டபமே சிரித்தது. மனிதர் பாவம், விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார்.

குப்பைக்கு எந்த இடம்? பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு ஒரே குரலாகச் சொன்னார்கள், கீழ் லயத்துப் பள்ளம் என்று. அங்கே யாரும் இல்லை, அங்கிருந்து தண்ணீர் யாருக்கும் போவதில்லை. அந்த இடத்தில் பிஸ்கட் இல்லை. பாக்கியம் ஒரு காய்ந்த இலையை வைத்தாள். வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் கையைத் தட்டிக்கொண்டாள்.

கீழ் லயம், ஐந்தாவது காம்பரா. நான் பிறந்த இடம். பிழையில்லாமல்தான் மொழிபெயர்த்தேன். தண்ணீர் கேட்க நினைத்து விட்டுவிட்டேன். தண்ணீர் கேட்டால் அந்தப் பீலிக் கிளாஸைத்தான் எடுத்துத் தருவார்கள்.

வாங்க வேண்டியது: தேங்காய் எண்ணெய். நீல நூல். மெழுகுதிரி 2 பக்கட் (ஞாயிறு கல்லறைத் திருநாள்).

28, செவ்வாய்

மப்பு. மழை இல்லை. வலது முழங்கால் மட்டும் மழை வரும் என்கிறது.

நேற்றிரவு சரியாகத் தூக்கமில்லை. கொக்கோ வாசம். காய்ந்ததின் வாசம் இல்லை. வாழை இலை போட்டு மூடிப் புளிக்க வைக்கும்போது வருமே, கள்ளும் பழமும் கலந்த மாதிரி, அது. ஸ்கூலுக்குப் போகும் முன் பாபக்கியூவில் கொட்டையைப் பரத்திவிட்டுப் போவோம். பெரிய சீமெந்துத் தரை. தோட்டத்திலேயே முதல் வெயில் அங்கேதான் விழும். வெறுங்காலோடு நின்றால் குளிர் விடும். அம்மா காம்பரா வாசலிலிருந்து கத்துவாள், "வெயில் காஞ்சது போதும், வெறகு யாரு பொறக்குவா?" அம்மா கத்தாத காலை ஒன்றுகூட நினைவில் இல்லை. அந்தக் கத்தலுக்கு இப்போது என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

செயலமர்வு இரண்டாம் நாள். பெண்கள் வரவில்லை, மிளகு ஆய்கிற நேரம். யோ. நேற்று மாலையே தரைப் படத்தைப் பெரிய டிமைத் தாளில் கீறி வைத்துவிட்டார். இன்று அதைப் பார்த்துச் சபையின் வரைபடத்தில் சிவப்பு வட்டம். சபை வரைபடம் கொப்பிக்குக் கொப்பி எடுத்தது. எல்லையும் மேலும் கீழும் இரண்டு ரோட்டும் தெரிகின்றன, மற்றதெல்லாம் புகை.

எட்டிப் பார்த்தேன். வட்டம் தார் ரோட்டோரத்தில். அது மேல் ரோட்டு. கீழ் லயம் இல்லை!

தவிசாளருக்கு மகிழ்ச்சி. லொறி நேராகப் போய் நிற்கலாம் என்றார். சரி, லொறிக்காக இடத்தை மாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். எப்போது மாற்றினார்கள் என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்று எழுதினால் பொய். எங்கள் லயம் தப்பியது, அது போதும் என்றிருந்தது.

திங்கட்கிழமை எல்லோரும் கூடிக் கையெழுத்து. பிறகு படம் கண்டிக்குப் போகும்.

வரும் வழியில் பாதி விலைக்கு அன்னாசி. இனிப்பு. முழுவதையும் தனியாகத் தின்றேன்.

29, புதன்

மழை. நாக்கெல்லாம் அன்னாசிப் புண்.

பாக்கியம் மிளகு விற்க டவுனுக்கு வந்தவள் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். கன்டீனில் பிளேன்டியும் வடையும். பேச்சு பேச்சு பேச்சு. ஸ்கூல் சிஸ்டரின் பிரம்பை நாங்கள் பீலிக்குள் ஒளித்தது. நத்தாருக்கு ஒரே துணியில் இருவருக்கும் சட்டை தைத்தது. தோட்டத்தை அரசாங்கம் சுவீகரித்த வருஷம், வேலையும் இல்லை அரிசியும் இல்லை என்றான பிறகு, நாங்கள் சட்டி பானையோடு டவுனுக்கு நடந்தது. மேல் லயத்தில் இருந்த தன் சித்தி விடாததால் பாக்கியம் அங்கேயே தங்கியது.

"நீங்க போன பொறகு ஒங்க காம்பராவுல ஆடு கட்டுனோம்டி. கோவிச்சுக்காத."

"அம்மா சமைச்ச எடத்துலயா?"

"அதான் ஆடு கொழுகொழுன்னு வளந்துச்சு."

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். சிரிப்பில் வந்ததுதான் என்று அவளிடம் சொன்னேன்.

எழும்பும்போது சொன்னாள்: "ஒன்கிட்ட சொல்லவே சங்கட்டமா இருந்துச்சு, ஒங்க லயத்தயே காட்டிட்டோம்னு. ஆனா பீலித் தண்ணிதான்டி எங்க எல்லாருக்கும். அதுக்கு மேல எங்கயும் கொட்ட வுடக் கூடாது. கீழ் லயம்னு முடிவாயிருச்சுல்ல?"

"ம்" என்றேன்.

அவள் பஸ் போன பிறகும் அங்கேயே நின்றேன். இடத்தை யாரும் மாற்றவில்லை. வட்டம் பிழையாக விழுந்திருக்கிறது. மேல் ரோட்டுக்கு அடியில்தான் ஊற்று. ஊற்றின் தண்ணீர்தான் பீலி.

30, வியாழன்

மழை விட்டது. சேலை காயவில்லை, ஈரவாடையோடு வேலைக்கு.

காலை முழுக்க வாயைத் திறக்கவில்லை. நான் மொழிபெயர்ப்பாளர்தானே, படம் கீறுவது என் வேலையா? சும்மா இருந்தால் ஐந்தாவது காம்பரா இருக்கும். அடுப்பு மூலை இருக்கும். போய்ப் பார்க்கிறேனோ இல்லையோ, இருக்கும். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக ஒரு தடவையாவது போனேனா? இல்லை. இருக்கிறது என்ற தைரியத்தில்தான் போகாமல் இருந்தேன்.

மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்தேன், இறங்கவில்லை. பாக்கியம் பேத்தி அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறாள். பார்சலைக் கட்டி வைத்துவிட்டுக் கண்டிக்கு ஃபோன் போட்டேன்.

வட்டம் மேல் ரோட்டில் விழுந்திருக்கிறது, போய் ரொம்ப நாளானாலும் அந்தத் தோட்டம் எனக்குத் தெரியும் என்றேன். யோ. நம்பவில்லை. "அவையள் கீறினதை அப்பிடியே பார்த்துத்தான் அக்கா வட்டம் போட்டனான். கீழ்ப் பக்கம், இடது மூலை."

"கீழ்ப் பக்கம் சரி. அவங்க மலையத்தானே மேல வச்சாங்க?"

"படத்தில மேல எண்டா வடக்குத்தானே."

"மலை தெக்கால இருக்கு தம்பி."

அவருக்குத் தாளில் மேலே வடக்கு. பெண்களுக்கு மேலே என்றால் மலை. படம் தலைகீழாகத் திரும்பிப் போய் உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் அவர் விடவில்லை: "மலை தெற்கில எண்டு உங்களுக்கு வடிவாத் தெரியுமோ? போய்க் கனகாலம் எண்டியள்."

டிமைத் தாள் என் மேசையில்தான் கிடந்தது. அவரே அதன் தலையில் வடக்கு என்று அம்பு போட்டிருந்தார். பாபக்கியூவைப் பார்த்தேன். இடது பக்கம்.

"ஒங்க அம்புப்படி பாபக்கியூ மேக்கால இருக்கு. நாங்க ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி அங்கதான் வெயில் காய்வோம். காலைல மேக்கால இருந்து வெயில் வருமா?"

சனிக்கிழமை வருகிறேன் என்றார். ஃபோனை வைத்துவிட்டுப் பார்சலைப் பிரித்தேன். ஆறிய சோற்றைத் தின்றேன்.

நவம்பர் 1, சனி

வெயில், அட்டை, சேறு.

பல்லேபொலவிலிருந்து ஆட்டோ. பாதி வழியில் ஆட்டோக்காரர் கையை விரித்தார், "இதுக்கு மேல ஏறாது". நடை. யோ. பளபளக்கிற சப்பாத்தோடு வந்திருந்தார். பாக்கியம் சவர்க்காரத் துண்டோடு காத்திருந்தாள், அட்டை ஏறாமல் காலில் தேய்க்க.

முதலில் மேலே. வட்டம் விழுந்த இடத்தில் நின்றோம். காலடியில் ஊற்று கசிகிறது. கீழே பீலியில் இரண்டு பேர் துணி துவைக்கிற சத்தம், ஒரு சின்னப்பிள்ளை குளிக்க மறுத்து அழுகிற சத்தம். யோ. குனிந்து கசிவைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பாக்கியத்திடம் சொன்னார்: "என்ரை பிழையம்மா. நீங்கள் சரியாத்தான் கீறினியள்."

"அதுக்கென்னா தம்பி. தண்ணி குடிங்க." பீலித் தண்ணீரைக் கையிலேயே ஏந்திக் கொடுத்தாள்.

பிறகு கீழ் லயம். கூரைத் தகரம் போய்விட்டது. சுவர் இடுப்பளவு. ஐந்தாவது காம்பராவுக்குள் ஒரு வாழை. அடுப்பு மூலையில் கரி இன்னும் இருக்கிறது. தொட்டேன், விரலில் ஒட்டிக்கொண்டது. இத்தனை மழைக்கும் போகாத கரி. அம்மா, உன் புகை. அழுதேன், அவர்கள் முன்னாலேயே.

பாபக்கியூவின் சீமெந்து அப்படியே கிடக்கிறது. கிழக்குப் பார்த்து. ஓரத்தில் ஒரே ஒரு கொக்கோ மரம், அடிமரத்தில் இரண்டு காய். கல்லில் அடித்து உடைத்து வெள்ளைச் சதையைச் சப்பினோம். யோ. முதல் தடவையாம்.

"சொக்லேட் மணக்கேல்லையே அக்கா?"

பாக்கியம் கைகொட்டிச் சிரித்தாள்.

இறங்கும்போது யோ. மெதுவாகக் கேட்டார்: "உங்கட வீடு இஞ்சதான் இருந்தது எண்டு ஏன் முதலே சொல்லேல்லை?"

"சொன்னா என்ன செய்வீங்க?"

நல்ல பிள்ளை. சப்பாத்து இனித் தேறாது.

2, ஞாயிறு

பூசை. பிறகு சேமக்காலை. கூட்டம், மெழுகு, மல்லிகை. வஹகோட்டையிலிருந்து அண்ணி வந்திருந்தா, வழக்கம்போல முழங்கால் வலி, மருமகள் வலி.

அம்மா கல்லறையில் திரி ஏற்றினேன். காற்று, மூன்று தடவை அணைந்தது. யாருக்கும் கேட்காமல் சொன்னேன்: அம்மா, நாளைக்கு நம்ம வூட்ட குடுக்கப் போறேன். கோவிச்சுக்காத. அம்மா இருந்திருந்தால் கத்தியிருப்பாள்: "இடிஞ்ச செவுத்துக்கா அழுவுற, போயி அடுப்பப் பாரு."

நகத்திடுக்கில் கரி இன்னும் போகவில்லை. தேய்க்கவும் இல்லை.

3, திங்கள்

மழை, காலையிலிருந்தே. குடை கொண்டுபோனேன். அதிசயம்.

பெண்கள் நனைந்துகொண்டே வந்தார்கள். யோ. எழுந்து, படத்தைத் தலைகீழாகப் போட்டது தான்தான் என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார். அதையும் மொழிபெயர்த்தேன். மறுபடி தரைப் படம். இந்த முறை முதல் வேலையாகச் சூரியன் வரும் பக்கம் மஞ்சளாக ஒரு தேசிக்காய். மலை, ஊற்று, பீலிக் கிளாஸ், பிஸ்கட். அந்த உறுப்பினர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்.

தவிசாளருக்குத் தார் ரோட்டை விட மனமில்லை. கீழே லொறி இறங்கப் பாதை வெட்ட வேண்டும், செலவு என்றார். பாக்கியம் பீலிக் கிளாஸை எடுத்து, காலடி மண்ணில் ஒரு சிட்டிகையைப் போட்டுக் கலக்கி, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.

"குடிங்க சார்."

இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அவர் கிளாஸைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். சரி, கீழ்ப் பள்ளமே என்றார். பேனாவை எடுத்தார். எடுத்தவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார், பின்னால் பிரச்சினை வரக் கூடாது, அந்தக் கீழ் லயத்தில் யாராவது இருக்கிறார்களா, உரிமை கேட்டு யாராவது வருவார்களா, கேட்டுச் சொல்லுங்கள்.

பாக்கியத்திடம் கேட்டேன். பதில் தெரிந்த கேள்விதான், ஆனாலும் கேட்டேன். அவள் தரையில் இருந்த காய்ந்த இலையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பதிலை எனக்கே விட்டுவிட்டாள்.

யாரும் இல்லை என்று சிங்களத்தில் சொன்னேன்.

கூரைத் தகரத்தில் மழைச் சத்தம். தவிசாளர் காதில் கை வைத்து, கேட்கவில்லை, இன்னொரு முறை என்றார்.

சத்தமாகச் சொன்னேன்.