மலையின் கண்ணுக்குத் தப்பிய சந்து

பிப்ரவரி 3

நான் சொல்கிறேன், மகள் எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது. பட்டாளத்திலும் கட்டைவிரலைத்தான் நீட்டினேன். "மனசுக்குள்ளயே போட்டுக் குமையாதீங்கப்பா, வாய்விட்டுச் சொல்லுங்க" என்று, மருந்துக் கம்பெனிக்காரன் கொடுத்த டைரியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். போன வருடத்து டைரி. கிழமை ஒத்துப்போகாது. இப்போது கிழமை தெரிந்து யாருக்கு என்ன ஆகவேண்டும்.

காலையில் மலையிலிருந்து கொஞ்சம் சுட்டார்கள். சாப்பிட்டோம். என் கட்டிலைக் கூடத்திலிருந்து உள்நடைக்கு மாற்றினோம். வீட்டில் ஜன்னல் இல்லாத இடம் அது ஒன்றுதான். மாப்பிள்ளை பஸ் டிரைவர். பஸ் டிப்போவிலேயே எரிந்துபோனது. "மாமா, கட்டிலை ரிவர்ஸ் எடுக்குறேன், பின்னாடி பாத்து ரைட் குடுங்க" என்றார். சிரித்தோம்.

பிப்ரவரி 4

தண்ணீர் வரவில்லை. வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 8

இளவயதில் அந்த மலை உச்சியில்தான் எனக்குக் காவல். அப்போது சண்டை கிடையாது. பகலெல்லாம் ஊரைப் பார்த்துக்கொண்டு நிற்பதே உத்தியோகம். எந்தத் தெருவில் போகிறவன் எந்தக் கூரைக்குப் பின்னால் மறைவான், எங்கே மறுபடி தலைகாட்டுவான் என்பது கண்ணை மூடினால் இன்றைக்கும் தெரியும். நான் நின்ற அதே பாறைக்குப் பக்கத்தில் இப்போது எவனோ மெஷின்கன் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். யார் பெற்ற பிள்ளையோ.

கடைத்தெரு மலையைப் பார்த்து நேராக ஓடுகிறது. இந்த முனையில் தவறிய குண்டு அந்த முனைவரை ஆளைத் தேடிக்கொண்டே போகும். மேம்பாலத்தின் முதுகில் ஏறினால் ஆள் தட்டில் எடுத்துவைத்த மாதிரி தெரியும். குறுக்குச் சந்துகள் பரவாயில்லை. மலைப்பக்கத்து வீடுகள் மறைத்துக்கொள்ளும்.

மகள் நர்ஸ். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க மாட்டாள். சொல்லிப் பார்த்தாயிற்று. அதனால் வழி சொன்னேன். "மலையைச் சூரியன்னு நெனச்சுக்க. நெழல்லயே நட." தையல்கடைச் சந்து, சாக்கடையோரப் பள்ளம், ஐஸ் பேக்டரிக்குப் பின்னால் உள்ள சந்து, ஆஸ்பத்திரிப் பின்வாசல். ஐஸ் பேக்டரி நல்ல உயரம். அந்தச் சந்து முழுக்க அதன் நிழல்தான்.

போகிறாள், வருகிறாள். இப்போது பால்காரம்மா, பக்கத்து வீட்டுத் தையல்காரர் எல்லோரும் அதே வழி. "பெரியவரே, இந்த ரூட்டுக்கு ஒரு நம்பர் போட்டுடலாமா?" என்கிறார் தையல்காரர். "போடுங்க, கண்டக்டர் நீங்கதான்" என்றார் மாப்பிள்ளை.

பிப்ரவரி 13

மத்தியானம் ஐஸ் பேக்டரி மேல் ஷெல் விழுந்தது. மகள் வந்து சேரும்வரை மாப்பிள்ளை உள்நடைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

வந்தாள். தலையெல்லாம் சுண்ணாம்பு. "மாடி விழுந்திருச்சுப்பா. கீழ்ச்சுவரு அப்படியே நிக்குது. என் தலைக்கு மேலயே இருக்கு."

சரி என்றேன். அலுப்பாக இருக்கிறது. போதும்மா, மூடி வை.

பிப்ரவரி 16

இன்று மாப்பிள்ளை எழுதுகிறார். நேற்று நடந்தது.

பால்காரம்மா செத்துப்போனாள். ஐஸ் பேக்டரிச் சந்தில். தையல்காரர் வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. "அந்த எடம் மலைக்குத் தெரியாது. அவ வேற பக்கமா போயிருப்பா" என்றேன்.

"தூக்கிட்டு வந்தவன் நானு, பெரியவரே."

தலைக்கு மேல சுவர் இருக்குன்னு மக சொன்னா. எவ்வளவு மேல? கேட்டேனா நான்? கேக்கல. மலை என்ன தரையிலயா நிக்குது, சுவரத் தாண்டிதான பாக்கும் — இது எனக்குத் தெரியாததா? நான் சொன்ன வழியிலதான போனா பாவி.

மகள் அதற்கு முன்பே அதே வழியில் டியூட்டிக்குப் போயிருந்தாள். அவள் நேரம், மலையில் எவனும் பார்க்கவில்லை. சாயங்காலம் அதே வழியில் திரும்புவாள். போன் டவர் விழுந்து ரொம்ப நாளாகிறது. எப்படித் தடுப்பது?

என் கண்ணால் பார்க்கவேண்டும் என்றேன். "முட்டியே மடங்காது, நீங்க எங்க மாமா..." என்று மாப்பிள்ளை இழுத்தார். "பலகை மாதிரி படுக்க வைங்க, போதும்." தையல்காரர் ஒரு தோள், மாப்பிள்ளை ஒரு தோள். சந்து முனையில், இடிந்த செங்கலை ஒட்டிப் படுக்க வைத்தார்கள்.

சுவரடி முழுக்க இடிந்த செங்கல். அதற்கு ஒதுங்கித்தான் எல்லோரும் சந்தின் நடுவில் நடந்திருக்கிறார்கள். தரையோடு தரையாகக் கிடந்தால் சுவர் மட்டும் தெரிந்தது. முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினேன். மலை உச்சி முழுசாகத் தெரிந்தது. நான் நின்ற பாறை உட்பட. எனக்கு அது தெரிந்தால் அதற்கு நான் தெரிவேன். மாப்பிள்ளை காலைப் பிடித்து இழுத்துவிட்டார், திட்டிக்கொண்டே.

"எங்கிட்ட திரைத்துணி இருக்கு, குறுக்க கட்டிடலாமா?" என்றார் தையல்காரர். துணி கண்ணை மறைக்கும், குண்டை மறைக்காது. புதிதாகத் துணி தொங்கினால் அங்கே ஆள் நடமாட்டம் என்று அவனுக்கு நாமே சொன்ன மாதிரி.

செங்கல் குவியலை ஒட்டித் தவழலாம், வயிறு தரையில் உரச. மிச்சமிருக்கும் நிழல் அவ்வளவுதான்.

"நான் போறேன் மாமா. அவ கெளம்பறதுக்குள்ள போய்ச் சொல்லணும்."

"தலைய மட்டும் இல்ல மாப்ள, பின்பக்கத்தையும் தூக்கக்கூடாது."

"மருமகன்கிட்ட பேசுற பேச்சா இது" என்று சொல்லிவிட்டுக் குப்புற விழுந்து போனார். செருப்பு கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை அதே மாதிரி திரும்பி வந்தார். முழங்கையெல்லாம் தோல் இல்லை. மகள் அங்கேயே இருந்துகொண்டாள். கீழ்த்தளத்தில், தடித்த சுவர். முதலில் மாட்டேன் என்று சண்டை போட்டாளாம். "அப்பாவ வேற வழி பாக்கச் சொல்லுங்க" என்றாளாம்.

பிப்ரவரி 18

கண்ணை மூடிக்கொண்டு ஊர் முழுக்கத் தெருத்தெருவாக நடந்து பார்த்தேன். வழி இல்லை. இருட்டிய பிறகு வரலாம் என்றால் ஊரடங்கு. தெருவில் அசைவு தெரிந்தால் நம் பக்கத்துக்காரனே சுடுகிறான்.

பிப்ரவரி 19

அவளும் தவழ்ந்து வரட்டுமே என்கிறார் மாப்பிள்ளை. ஒரு தரம் தவழலாம். தினமும் தவழ்கிறவர்களுக்கு ஒருநாள் அலுத்துப்போகும். அன்றைக்குத் தலை தூக்கும்.

சாப்பிடும்போது கதவையே பார்க்கிறார். நானும்தான்.

பிப்ரவரி 24

முன்வரிசையில் இரண்டு வீடுகள் விழுந்துவிட்டன. இனி எங்கள் வீட்டுக்கும் நிழல் குறைவு. கூடத்தில் நின்றால் மலையின் ஒரு மூலை தெரிகிறதாம்.

ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் பார்க்க ஆள் இல்லை என்று மகள் அன்றைக்கு மாப்பிள்ளையிடம் சொல்லியிருந்தாள். "நீங்க அங்கயே போயிடுங்க மாப்ள. அவகூட இருங்க."

"உங்கள விட்டுட்டா?"

"எனக்குத் தையல்காரர் இருக்காரு."

"அவரு ஊசியில நூல் கோக்கவே என்னைத்தான கூப்புடறாரு."

சிரிக்கவில்லை நான். அதற்குப் பிறகு அவரும் சிரிக்கவில்லை. இதையெல்லாம் எழுத மாட்டேன் என்றார். எழுதுங்கள் என்றேன்.

பிப்ரவரி 27

இன்று எழுதுவது தையல்காரர். கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டார், கோடு தாண்டிப் போகிறதாம். போகட்டும்.

ஊரடங்கு முடிந்ததும் மாப்பிள்ளை கிளம்பினார். மகளின் துணிகளை வயிற்றுக்கு அடியில் கட்டிக்கொண்டார், முதுகில் வைத்தால் மேடு தெரியும் என்று. நான் சொல்லவில்லை, அவராகவே யோசித்தது. வாசலில் என் காலைத் தொட வந்தார். "சந்து வர்றதுக்கு முன்னாடியே குனிய ஆரம்பிச்சிட்டீங்களா" என்றேன். துணிக்கட்டை இறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

தையல்காரர் கேட்டார். "நீங்களும் போயிருக்கலாம்ல? ஒரு போர்வையில போட்டு இழுத்துட்டே போயிருப்பாரு. என்னையும் கேட்டாரே."

"இழுக்கணும்னா அவரு தலையத் தூக்கணும்."

இரண்டு பேரும் உள்நடையில் உட்கார்ந்து காது கொடுத்துக்கொண்டிருந்தோம். வெளிச்சம் நன்றாக ஏறியது. கடைத்தெருப் பக்கம் மட்டும் கொஞ்ச நேரம் சுட்டார்கள். சந்துப் பக்கம் சத்தமே இல்லை.

தையல்காரர் எழுந்துபோய் டீ போட்டார். பழக்கத்தில் மூன்று டம்ளர் எடுத்து, ஒன்றைக் கவிழ்த்து வைத்தார்.