குடித்தால் வரும் ஜெர்மன்

புதுப்பட்டினம்

அன்பு மகள் பிரபாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உடம்பளவில் சௌக்கியம். நீயும் அந்தக் குளிரில் அவதிப்படாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் தம்பி பரணி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான், நான் ஏதாவது ஆரம்பித்தாலும் டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று நீ வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன், முழுசாகப் படி.

பரணி ஜெர்மன் தேர்வில் பெயிலானது மட்டும்தான் உனக்குத் தெரியும், எப்படி என்று அவன் சொல்லியிருக்க மாட்டான். நர்சிங் முடித்துவிட்டு உன்னைப் போலவே ஜெர்மனிக்கு வரவேண்டும் என்று செங்கல்பட்டில் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தான் அல்லவா, எழுதச் சொன்னால் எழுதிவிடுவான், பேசச் சொன்னால்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஸ்ட்ராங்காகக் காபி குடித்தால் பேச்சு வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒருநாள் டம்ளர் டம்ளராகக் குடித்துவிட்டுப் போனான். வார்த்தைகள் ஒன்றின்மேல் ஒன்று விழ, டீச்சர் முதலில் மூச்சு விடப்பா என்றாராம். முகம் செத்துப்போய் வீட்டுக்கு வந்தான். அந்த வாரம்தான் நீ வீடியோவில் சிரித்துக்கொண்டே சொன்னாய், ஆஸ்பத்திரி பார்ட்டியில் ஒயின் குடித்தேன், ஜெர்மன் தானாகக் கொட்டியது, நீயும் குடித்துப் பாருடா என்று. நீ விளையாட்டாகத்தான் சொன்னாய். அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை.

மதியத் தேர்வுக்கு முன்னால் சென்னையில் அவனும் கூடப் படிக்கிற ஆல்வினும் ஒயின் கடைக்குப் போயிருக்கிறார்கள். வேண்டாம்டா என்று தடுத்தேன் என்கிறான் ஆல்வின், இப்போது சொல்லி என்ன. பரணி வாயில் ஏலக்காயைப் போட்டுக்கொண்டு உள்ளே போயிருக்கிறான். வீட்டுக்கு வந்தபோது அப்படி ஒரு சந்தோஷம் அவனுக்கு. “சும்மா கொட்டிச்சிம்மா. எதிர்ல இருந்தவங்க இன்னா பேசறதுன்னே தெரியாம என்னையே பாத்துகினு இருந்தாங்க” என்றான். நானும் பைத்தியக்காரி மாதிரி பிள்ளையாருக்கு விளக்கேற்றிவிட்டு வந்தேன்.

அந்தப் பேச்சுத் தேர்வு இரண்டு இரண்டு பேராக நடக்குமாம். இவனுக்கு ஜோடியாக வந்தது வைஷாலி, உன் பள்ளிக்கூடத்து ஜூனியர், மீன் மார்க்கெட் பின்னால் வீடு. அந்தப் பெண் வாயைத் திறக்கும்போதெல்லாம் இவன் குறுக்கே விழுந்து பேசியிருக்கிறான். அவள் கேட்டது ஒன்று, இவன் சொன்னது இன்னொன்று. தேர்வு நடத்திய அம்மாள் இரண்டு முறை நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை. குடித்த வாடை வேறு. இரண்டு பேரும் பெயில். வைஷாலிக்கு அங்கே வேலை முடிவாகி இருந்தது, அவள் கூட்டாளிகள் எல்லாம் கிளம்பிப் போய்விட்டார்கள், அவள் மட்டும் இங்கே நிற்கிறாள். மார்க்கெட்டில் அவள் அம்மா என்னை நிறுத்தி வைத்து, “இன்னா லோகநாயகி, புள்ளைய நல்லாத்தான் வளத்துகீற. குட்ச்சிட்டுப் போயி எம் பொண்ணு வாயத் தொறக்க வுடாம பண்ணிட்டானே, அவ சோறு தண்ணி இல்லாம கெடக்கிறா” என்று கேட்டாள். சுற்றி அத்தனை பேர். வாங்கிய மீனைக்கூட எடுக்காமல் வந்துவிட்டேன்.

அதோடு விட்டானா என்றால் இல்லை. அடுத்த தேர்வுக்குப் பழகுகிறேன் என்று சாயங்காலம் ஆனால் குடிக்கிறான். அப்பா தினமும் மறைமலைநகர் ஷெட்டில் மெஷினில் ஊதிக் காட்டிவிட்டுத்தான் கம்பெனி பஸ்ஸை எடுக்கிற மனுஷன். “நான் குடிக்கலன்னு ஊதிக் காட்டி சோறு போடறேன், இவன் குட்ச்சாத்தான் வாயே தொறப்பானாம்” என்றதோடு சரி, அவனோடு பேச்சை நிறுத்திவிட்டார். கூடத்தில் உட்கார்ந்து இவன் என்னிடம் ஜெர்மனில் பேசுகிறான். சோறு கேட்கிறானா, என்னைத் திட்டுகிறானா என்று எனக்குத் தெரியவில்லை பிரபா. குடித்தால் பயம் போகும் என்பது நிஜமாகவே இருக்கட்டும். பயத்தோடு சேர்ந்து எதிரே இருப்பவர் பேசுவது காதில் விழுவதும் போய்விடுகிறதே, அதை யார் அவனுக்குச் சொல்வது?

நீதான் சொல்ல வேண்டும். பார்ட்டிக்கு மறுநாள் என்னைக் கூப்பிட்டு அழுதாயே, மறந்துவிட்டாயா? நேற்று நீ பேசியதில் பாதி எங்களுக்குப் புரியவில்லை, சிரிப்பை அடக்க முடியவில்லை என்று வார்டில் எல்லார் முன்னாலும் சொன்னார்கள், அவமானமாக இருக்கிறது அம்மா என்றாயே. அழுததை எனக்குச் சொன்னாய், கொட்டியதை அவனுக்குச் சொன்னாய். அக்கா பெரிய ஆள் என்று அவன் நினைக்க வேண்டும் உனக்கு. நான் சொன்னால் அவன் நம்ப மாட்டான், உனக்கு இன்னா தெரியும் என்கிறான். நீ உன் வாயால் சொல். வைஷாலியிடமும் ஒரு வார்த்தை பேசு.

கோபத்தில் எழுதினேன் என்று சாப்பிடாமல் இருந்துவிடாதே. பிள்ளையார் அருளால் உனக்கு ஒரு குறையும் வராது, தீர்க்காயுசாக இரு. அவனைக் காலையில் கூப்பிடு. சாயங்காலம் வேண்டாம். சாயங்காலம் அவன் உன்னோடு ஜெர்மனில் பேசுவான், நீயும் சூப்பர்டா என்பாய். போன வாரம்கூட அப்படித்தான் சொன்னாய்.

இப்படிக்கு,
உன் அம்மா
உ. லோகநாயகி