இடது காது

என் வீட்டுக்காரிக்கு,

நீயும் அண்ணன் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. கடைசி வரை படி, அப்புறம் உன் இஷ்டம். நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் இது போனில் சொல்கிற விஷயம் இல்லை.

முதலில் வீட்டுச் சங்கதி. மாடித் தொட்டியின் ஒழுக்கை அடைத்துவிட்டேன். உன் பூச்செடிகளுக்குத் தண்ணீர் தவறாமல் ஊற்றுகிறேன். ஜன்னலோரத்துச் செடி மட்டும் உன்னைப் போலவே முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது. சமையல் எப்படி என்று கேட்காதே. உப்பு போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்திலேயே இரண்டு தடவை போட்டுவிடுகிறேன்.

பட்டறையில் ஒரு கூத்து நடந்தது. ஒரு லாரி சத்தம் போடுகிறது என்று வந்தது. நான் ரப்பர் குழாயின் ஒரு நுனியை இன்ஜின் பக்கம் நீட்டி, இன்னொரு நுனியைக் காதில் வைத்து, மறு காதை விரலால் அடைத்துக்கொண்டு கேட்பேனே, உனக்குத் தெரியும். எப்போதும் வலது காதில்தான் வைப்பேன். அன்று லாரியைச் சுவரோரமாக நிறுத்தியிருந்ததால் இடது காதில் வைக்க வேண்டியதாயிற்று. கேட்டுவிட்டு, வண்டி பட்டு மாதிரி ஓடுகிறது என்று அடித்துச் சொல்லிவிட்டேன். பக்கத்து லேத் பட்டறைக்காரர் குழாயைப் பிடுங்கிக் கேட்டுவிட்டு என்னையே பார்த்தார். "என்னய்யா விளையாடுறியா? பேரிங் கிடந்து கதறுது, உனக்குக் கேக்கலையா?" என்றார். குழாயைத் திரும்ப வாங்கி வைத்துப் பார்த்தேன். இன்ஜின் ஓடுவது மட்டும் மங்கலாகக் கேட்டது, கதறல் ஒன்றுமே இல்லை. வலது காதுக்கு மாற்றினேன். அடேயப்பா, அந்தக் கதறல்!

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனவரும் அவர்தான். ஸ்கேன் எடுத்தார்கள். பயப்படாதே, புற்றுநோய் இல்லை. காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பைச் சுற்றியுள்ள உறையில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. சாதுவான கட்டிதான், வேறெங்கும் பரவாதாம். வருஷக்கணக்காக மெல்ல மெல்ல வளர்ந்திருக்கும் என்கிறார் டாக்டரம்மா. வீட்டில் யாருமே கவனிக்கவில்லையா என்று கேட்டார். நீ என்னை டமாரம், டமாரச் செவிடு என்று திட்டுவதையெல்லாம் அப்போதுதான் நினைத்துக்கொண்டேன். திட்டுகிறாய் என்றல்லவா நினைத்தேன்! நீ எப்போதோ நோயைக் கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாய். நானோ போனில் சரியாகக் கேட்கவில்லை என்று போனை மாற்றினேனே தவிர, காதைச் சந்தேகப்படவே இல்லை.

வைத்தியத்துக்கு மூன்று வழி இருக்கிறதாம். சும்மா விட்டு, ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது ஒன்று. பலருக்கு அது வளராமலே கிடக்குமாம். இன்னொன்று கதிர் வைத்தியம். கத்தி கிடையாது. கட்டி கரைந்து போகாது, ஆனால் பெரும்பாலும் வளராமல் நின்றுவிடும். மூன்றாவது, காதுக்குப் பின்னால் திறந்து எடுத்தே விடுவது. பக்கத்திலேயே முகத்து நரம்பு ஓடுகிறதாம். அது கொஞ்சம் நலுங்கினாலும் சிரிக்கும்போது வாய் ஒரு பக்கம் கோணலாம் என்றார். என் வீட்டுக்காரி இப்போதே என் சிரிப்பைக் கோணச் சிரிப்பு என்றுதான் சொல்வாள் என்றேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

எதைச் செய்தாலும் போன சத்தம் திரும்ப வராதாம். கட்டி சின்னதாக இருப்பதால் அவசரமில்லை, பொறுத்துப் பார்க்கலாம் என்பது அவர் அபிப்பிராயம். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. ஆனாலும் தலைக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு தனியாகப் படுத்திருக்க முடியவில்லை. அடுத்த தடவை வீட்டிலிருந்து யாரையாவது கூட்டி வரச் சொன்னார். யாரையாவது என்றால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் உன் அண்ணனுக்குப் போன் செய்தேன். கட்டியைப் பற்றிச் சொல்லவில்லை, நீ ஏன் போனாய் என்று மட்டும் கேட்டேன். "அவ உங்ககிட்ட ஏதோ கேட்டாளாம் மாப்பிள்ளை. நீங்க திரும்பிக்கூடப் பாக்கலையாம்" என்றார். என்ன கேட்டாள் என்றேன். அதை அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கேட்கவில்லையடி. நீ கிளம்பிய அன்று நான் பின்வாசல் படியில் உட்கார்ந்து தண்ணீர் மோட்டாரைச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பிரித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வலது பக்கம் சுவர். நீ இடது பக்கம்தான் நின்றிருப்பாய். கடைத்தெருவுக்குப் போனாலும் இடது பக்கம், படுத்தாலும் இடது பக்கம். இத்தனை நாளாக நீ அந்தப் பக்கமிருந்து என்னென்ன சொல்லியிருப்பாய் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்று பையோடு வந்து நின்றபோது எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்டேன். "பதில் கெடச்சிருச்சு" என்றாயே, அது எதற்குப் பதில் என்றே எனக்கு இன்று வரை தெரியாது.

நீ கேட்டது எதுவானாலும் சரி, ஆமாம் என்று இங்கேயே எழுதிவிடலாம் என்று பார்த்தேன். ஒருவேளை நான் உங்களுக்கு வேண்டாமா என்று கேட்டிருந்தாயானால், ஆமாம் என்பது வம்பாகிவிடும். அதனால் எழுதவில்லை.

வைத்தியத்தை அப்புறம் சேர்ந்து முடிவு செய்துகொள்ளலாம். நீ முதலில் கிளம்பி வா. வந்து, என் வலது பக்கம் உட்கார்ந்து, அன்று கேட்டதை இன்னொரு தடவை கேள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் டமாரம்