மேல் வயலின் மேல்மண்

என்னங்க, நம் மேல் வயலின் மேல்மண் லோடுக்கு எண்ணூறு. அதற்கு விலை உண்டென்பதே நீங்கள் விற்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் அப்பா கடையில் காலிச் சாக்கைக்கூடப் பேரம் பேசாமல் கொடுத்ததில்லை. நீங்கள் செங்கல் சூளைக்காரர் சொன்ன விலைக்கே தலையாட்டினீர்கள்.

"மண்ணு போனா என்ன, யூரியாவ ரெண்டு பங்கா போட்டா சரியாயிடும்" என்றீர்கள். போட்டோம். மக்காச்சோளம் பச்சைப்பசேலென்று வளர்ந்து, முதல் காற்றிலேயே படுத்துவிட்டது. தேறிய மணியைக் கையில் அள்ளிப் பார்த்த தீவன மில்காரர், "கோழிகூடத் திரும்பிப் பாக்காதுக்கா" என்று சிரித்தார்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். உப்பு சரியாகவே இருக்கும், கோபத்தை அதில் காட்டவில்லை. மாத்திரையை மறக்காதீர்கள்.

சூளைக்காரர் இன்று கீழ் வயல் மண்ணையும் கேட்டு வருவார். கீழ் வயல் கேட் சாவியைத் தேட வேண்டாம், இரண்டு சாவியும் என் பையில். அந்த மண்ணில் ஒரு பொட்டலம் எடுத்துக்கொண்டு பரிசோதனைக்குப் போகிறேன். சாயங்காலம் வருவேன், பேச மாட்டேன்.

மறந்துவிட்டேன்: தொழுவுரம் இரண்டு வண்டி வரும். மேல் வயலில் கொட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று, அந்த வயலின் கணக்கு: மண் விற்பதற்கு முன் அறுபது மூட்டை, விற்ற பின் இருபத்திரண்டு. பாக்கி முப்பத்தெட்டு, உங்கள் பேரில்.