நல்லவர் போட்ட கையெழுத்து

அன்புள்ள தம்பிக்கு,

அத்தான் எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நீயும் உன் மனைவியும் குழந்தையும் நன்றாக இருந்தால், இப்போதைக்கு நம் குடும்பத்தில் நன்றாக இருப்பவர்கள் நீங்கள் மூன்று பேர்தான்.

போனில் நான் பட்டும் படாமலும் பேசுகிறேன் என்று போன தடவை கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாய். நம் வீட்டு போனில் இப்போது மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது. ஒரு நாள் என் மகள், "அங்கிள், சாப்பிட்டீங்களா?" என்று அவரிடமே கேட்டுவிட்டாள். அதற்கு ஒரு இருமல் பதிலாக வந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். மருந்துக்கடைக்காரரின் மருமகன் உன் பக்கம் வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

உன் அக்கா இன்னும் சிறையில்தான் இருக்கிறாள். ஒரு வாரத்தில் விட்டுவிடுவார்கள், டாக்டர் காதுக்குப் போனால் போதும் என்று நீ சொன்னாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஜாமீன் மனுவை நீதிபதி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அங்கே வெளிநாட்டில் நீ படிக்கும் செய்தி என்னவென்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரித் தாதிகள் எதிர்க்கட்சியிடம் கை நீட்டிவிட்டுப் பொய் சொன்னார்கள் என்று உங்கள் சங்கத்தில் யாரோ பேசினார்களாமே. நீ அந்தக் கூட்டத்தில் இருந்தாயா என்று நான் கேட்கப்போவதில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னால் நம் வீட்டில் நடந்த சண்டை உனக்குத் தெரியும், பாதியை நீயே போனில் இருந்து கேட்டாய். சிரிச்சமுகம் என்று நாம் பெயர் வைத்த அந்தப் பழைய மந்திரி ஒரு பக்கம், டாக்டர் ஒரு பக்கம். அக்கா டாக்டரோடு ஆபரேஷன் தியேட்டரில் எத்தனையோ வருஷம் நின்றவள். ஏழைப் பிள்ளைக்கும் பணக்காரப் பிள்ளைக்கும் அவர் ஒரே மாதிரிக் கையைக் கழுவுவார் என்று சொல்லிச் சொல்லியே எங்கள் தெரு முழுவதையும் அவர் பக்கம் திருப்பினாள். அவர் நல்லவர் இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்தது நகரசபை அலுவலகம். அங்கே அரசியலே அறியாத ஒரு நேர்மையான தலைவர் வந்து உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முதல் வருஷம் அவர் எழுத்தர்களான எங்களிடம்தான் பாடம் படிப்பார். எங்களுக்கு எது வேண்டுமோ அதை மட்டும்தான் நாங்கள் சொல்லிக்கொடுப்போம்.

அதைத்தான் அன்றைக்கும் சொன்னேன். "நல்ல மனுஷன்னு சொல்லி ஒரு பஸ் டிரைவரை உன் தியேட்டருக்குள்ள விட்டு வயித்தைக் கிழிக்கச் சொல்லுவியா?" என்று கேட்டேன். அக்கா விடுவாளா? "முப்பது வருஷமா கிழிச்சு, வந்தவனை எல்லாம் கொன்ன ஆளுக்கு டிரைவர் எவ்வளவோ மேல். அவனாவது பயந்துபோய்க் கையை எடுத்துடுவான்" என்றாள். மகள் கைதட்டினாள். போனில் நீயும் சிரித்தாய். இப்போது பதில் தெரிகிறது, தம்பி. பயந்த டிரைவர் கையை எடுக்க மாட்டான். பக்கத்தில் நிற்கிறவன் காட்டுகிற இடத்தில் வெட்டுவான். இந்தப் பதிலை நான் அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

டாக்டர் ஜெயித்தார். ஆனால் நாடாளுமன்றத்தில் அவருக்கென்று ஆட்கள் இல்லை. ஆட்கள் எல்லாம் சிரிச்சமுகத்திடம் இருந்தார்கள். சிரிச்சமுகமே போய், நாட்டுக்காக ஒன்றாக வேலை செய்வோம் என்று கையைக் கொடுத்தார். டாக்டர் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார். எந்த ஆளை வெளியே அனுப்ப நீங்கள் எல்லோரும் ஓட்டுப் போட்டீர்களோ, அந்த ஆள் டாக்டரின் பக்கத்து அறைக்கு வந்துவிட்டார்.

பதவிக்கு வந்த வேகத்தில் டாக்டர் மருந்துக் கொள்முதல் வாரியத்தை ஒரே நாளில் கலைத்தாரே, நினைவிருக்கிறதா? திருடர்கள் கூடாரம் என்று ஊரே பாராட்டியது. திருடர்கள் கூடாரம்தான், எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தத் திருடர்கள்தான் ஆஸ்பத்திரிகளுக்கு ஆக்ஸிஜன் சிலிண்டரும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போன பிறகு யார் அனுப்புவது என்று டாக்டர் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்த சிரிச்சமுகம் வாயைத் திறக்கவில்லை.

பச்சைக் குழந்தைகளின் வார்டில் சிலிண்டர் தீர்ந்தது. அக்கா அன்று அந்த வார்டின் பொறுப்பில் இருந்தாள். கூட இரண்டு இளம் தாதிப் பெண்கள், போன வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போன் போட்டார்கள். கையால் பலூனை அமுக்கி அமுக்கிக் காற்றுக் கொடுத்தார்கள். நான்கு குழந்தைகள் போய்விட்டன. அதற்கு மேல் அதை எழுத எனக்குத் தெம்பில்லை.

வாசலில் பத்திரிகைக்காரர்கள் நின்றிருந்தார்கள். அக்கா யூனிஃபார்மை மாற்றாமல் நேரே அவர்களிடம் போனாள். அவள் சொன்னது இவ்வளவுதான்: "சிலிண்டர் இல்ல. அதனாலதான் குழந்தைங்க செத்தாங்க. டாக்டருக்குத் தெரியாம இருந்தா, இப்பத் தெரிஞ்சுக்கட்டும்." அவருக்குத் தெரியப்படுத்தத்தான் பேசினாள், அவரைக் குறை சொல்ல அல்ல. அந்த இரண்டு பெண்களும் அவளுக்குப் பின்னால் நின்று அழுதார்கள். மறுநாள் காலையில் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். மக்களிடையே பீதியைக் கிளப்பினார்கள் என்பது குற்றம். அப்படி ஒரு அவசர உத்தரவு அதற்கு முந்தைய மாதம்தான் வந்திருந்தது. கீழே டாக்டரின் கையெழுத்து. மருந்துச் சீட்டில் போடுவாரே, அதே வளைவு. எனக்கு என் கையெழுத்தைவிட அது பழக்கம்.

நான் அவரைப் போய்ப் பார்த்தேன் தம்பி. இது உனக்குத் தெரியாது. வேறு யாருக்கும் தெரியாது.

எத்தனையோ வாசல் ஏறி இறங்கிய பிறகு ஒருநாள் கூப்பிட்டார்கள். மாளிகையில் ஒரு பெரிய அறை. அந்த அறைக்கு அவர் சிறியவராகத் தெரிந்தார். நோயாளியின் கண்ணில் அடித்துப் பார்ப்பாரே, அந்தப் பழைய டார்ச் பேனா சட்டைப் பையில் இன்னும் இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். என் மூட்டுவலியை விசாரித்தார், எந்தக் கால் என்றுகூட மறக்கவில்லை. "உங்க வீட்டம்மா பக்கத்துல நின்னா நான் கையை மட்டும் நீட்டினாப் போதும், கேக்கறதுக்கு முன்னாடியே சரியான கருவி கையில வந்து உக்காரும். இங்க அப்படி ஒரு ஆளும் இல்ல" என்று சொல்லி அழுதுவிட்டார். உண்மையான அழுகை. எனக்கே பாவமாக இருந்தது.

அந்த உத்தரவு வழக்கமாக எல்லா ஜனாதிபதியும் போடுவது என்று சொன்னார்களாம். போட்டாராம். நான் மெதுவாக, "நீங்கதானே ஜனாதிபதி? விடச் சொல்லுங்க, விட்டுடுவாங்க" என்றேன். அவர் மேஜையில் வரிசையாக இருந்த போன்களைப் பார்த்தார். ஒன்றை எடுத்தார், வைத்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "நான் யாருகிட்டச் சொல்லணும்?"

தம்பி, ஒரு நாட்டின் ஜனாதிபதி, ஒரு நகரசபை எழுத்தரிடம் கேட்டார். உள்துறைச் செயலாளரைக் கூப்பிடுங்கள் என்று சொன்னேன். அவர் கூப்பிட்டார். வந்தது சிரிச்சமுகம். கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார், என்னை உட்காரச் சொன்னார். டாக்டரின் சொந்தக்காரர் மாதிரி என்னிடம் அன்பாகப் பேசினார். "அந்த அம்மாவுக்கு நம்மால ஆனதைச் செய்யாம இருப்போமா? ஒரு சின்ன வாக்குமூலம் குடுத்தாப் போதும்" என்றார். டாக்டர் நன்றியோடு அவரைப் பார்த்தார். என்ன வாக்குமூலம் என்று டாக்டர் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன்.

சிலிண்டர் இருந்தது, மாட்டத் தெரியாமல் அந்த இரண்டு பெண்களும் கெடுத்துவிட்டார்கள் என்று அக்கா எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். அந்தப் பெண்கள் கொலைக் குற்றத்துக்கு நிற்பார்கள். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காது கேட்காதவர் இல்லை அவர்.

சிறை அதிகாரி அந்தத் தாளை அக்காவிடம் நீட்டியபோது அவள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். "ரெண்டு இடத்துல எழுத்துப் பிழை இருக்கு. திருத்திக் கொண்டாந்தாலும் போடமாட்டேன்" என்றாளாம். உன் அக்காதானே.

இந்தக் கடிதத்தை ஒரு வாரம் முன்பு எழுதியிருந்தால், அவளைக் கையெழுத்துப் போடச் சொல் என்று உன் காலில் விழுந்திருப்பேன். நீ சொன்னால் கேட்பாள். அப்படி எழுத உட்கார்ந்த அன்றுதான் அந்தப் பெண்களில் ஒருத்தியின் அம்மா வீட்டுக்கு வந்தாள். தையல் வேலை செய்கிறவள். உட்காரச் சொன்னேன், நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். வாக்குமூலம் பற்றி அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சிறையில் குளிர் என்று கேள்விப்பட்டு அக்காவுக்கு ஒரு கம்பளிச் சட்டை தைத்துக் கொண்டுவந்திருந்தாள். "அளவு தெரியல, எம் பொண்ணு சொன்ன உயரத்தை வெச்சுத் தெச்சேன்" என்றாள். அவள் போன பிறகு அந்தச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுத நினைத்ததை எழுத முடியவில்லை.

அலுவலகத்தில் என்னோடு யாரும் சாப்பிட உட்காருவதில்லை. வேலையை மட்டும் இன்னும் எடுக்கவில்லை. என் மேஜையைக் கக்கூஸ் பக்கத்து மூலைக்கு மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான்.

மகள் படிக்கிறாள், சமைக்கிறாள், உப்புப் போட மறக்கிறாள். அடுத்த தேர்தலில் அவளுக்கும் ஓட்டு இருக்கிறது. அன்று பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்: "நல்லவங்களுக்குப் போடறதா அப்பா, அனுபவம் உள்ளவங்களுக்குப் போடறதா?" நீங்கள்தானே நம் வீட்டில் அனுபவத்தின் கட்சி, உங்கள் வாதத்தைச் சொல்லுங்கள் என்பது போல என்னைப் பார்த்தாள். எனக்கு வாதமே இல்லை. அனுபவம் உள்ளவர் அந்த அறைக்குள் சிரித்துக்கொண்டே வந்ததை நான் பார்த்தேன். நல்லவர் ஜன்னல் பக்கம் திரும்பியதையும் பார்த்தேன். அடுப்பை அணைத்தாயா பார் என்று அவளை அனுப்பிவிட்டேன். நான் சொன்னது பலித்துவிட்டது என்று தெருவில் ஒருவர் என் தோளைத் தட்டினார். அவர் கையைத் தள்ளிவிட்டு வந்தேன்.

இனி எழுதப் போவதை எழுதக் கூடாது என்று அக்கா சத்தியம் வாங்கியிருக்கிறாள். அவளுக்கு உடம்பு சரியில்லை. இருமல் விடவில்லை, காய்ச்சல் வந்து வந்து போகிறது. போன வாரம் கைக்குட்டையை என் கண்ணில் படாமல் மடித்து வைத்தாள், நான் பார்த்துவிட்டேன். சிறை ஆஸ்பத்திரியில் கேட்டால், மருந்து வந்தால் தருகிறோம் என்கிறார்கள். என்ன நோய் என்று அவளுக்கு எங்களை எல்லாம்விட நன்றாகத் தெரியும்.

வக்கீல் சொல்கிறார், வெளிநாட்டிலிருந்து கூடப்பிறந்தவர் வந்தால் ஒரு சிறப்புச் சந்திப்புக்கு அனுமதி கிடைக்குமாம், கம்பி இல்லாமல் எதிரெதிரே உட்கார்ந்து. வந்துவிடு. லீவு கிடைக்காவிட்டாலும் வந்துவிடு. கையெழுத்துப் போடு என்று சொல்லவும் வேண்டாம், போடாதே என்று சொல்லவும் வேண்டாம். அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திரு, போதும்.

ஒன்று மட்டும், தம்பி. ஒவ்வொரு தடவை போகும்போதும் அவள் முதலில் கேட்பது, டாக்டரைப் பார்த்தீங்களா என்பதுதான். இதெல்லாம் அந்தச் சிரிச்சமுகத்தின் வேலை, அவருக்குத் தெரிந்தால் தியேட்டரிலிருந்து ஓடி வருகிற மாதிரி ஓடி வருவார் என்கிறாள். அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடுகிறது. இன்னும் பார்க்க முடியவில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன்னிடமும் கேட்பாள். நீ பொய் சொல்லத் தெரியாதவன், ஆனாலும் சொல். அவருக்கு இன்னும் தெரியாது என்று சொல்.

நீ பத்திரமாக வந்து சேர வேண்டும். உன் குழந்தை நீண்ட ஆயுளோடு, மூச்சுக்குக் குறைவில்லாமல் இருக்க வேண்டும். சீக்கிரம் வா.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
அத்தான்