வெறும் வாதம்

என் பிடிவாதக்கார அக்காவுக்கு,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். நீ போய் இரண்டு வருடமாகியும் அது ஆறவில்லை.

உன்னைப் போலவே எனக்கும் விரல் மூட்டுகள் வீங்கியபோது, "சொத்துல பங்கு குடுத்துட்டேன்டி" என்று சிரித்தாயே. இப்போது நுரையீரலில் புற்றுநோயும் வந்துவிட்டது. எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிட உனக்கு ஏற்றிய அதே இம்யூனோதெரபி மருந்துக்காக மூன்று வாரத்துக்கு ஒருமுறை கிள்ளானிலிருந்து அதே ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறேன்.

உனக்கு முதல்முறை மருந்து ஏற்றவிருந்த அன்று தாதி கேள்விப் பாரத்தை வைத்துக்கொண்டு கேட்டாள், நினைவிருக்கிறதா? "ஆன்டி, எதிர்ப்பு சக்தி நம்ம உடம்பையே தாக்குற மாதிரி வியாதி ஏதும் இருக்கா?" நீ வீங்கிய விரல்களைச் சால்வைக்குள் ஒளித்துக்கொண்டு இல்லை என்றாய். நான் உன் தோளைத் தொட்டேன்.

"அது வெறும் வாதம்லா. வாய மூடு. சொன்னா மருந்து குடுக்க மாட்டாங்க" என்று என் காதில் சீறினாய்.

மூடிக்கொண்டேன்.

மூன்றாவது முறை மருந்து ஏறியபின் வயிற்றுப்போக்கு. ஒன்பது நாள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குள்ளேயே கிடந்தாய். கேட்டதற்கு, பாசாரில் வாங்கிய மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்றாய். மீனா? ஒன்பது நாளா, அக்கா? தூக்கிக்கொண்டு ஓடியபோது குடலில் ஓட்டையே விழுந்திருந்தது. நீ வீடு திரும்பவில்லை.

என் முறை வந்தபோது நான் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் என்னை விரட்டவில்லை. மூட்டு நோய் கிளம்பலாம், குடலையும் தாக்கலாம், கூடவே கவனித்துக்கொண்டு கொடுப்போம் என்றார். மூட்டு டாக்டரிடமும் பேசினார். உனக்கும் இதையே சொல்லியிருப்பார்களா? இதை இனி யாரிடம் கேட்பேன்?

போன செவ்வாய்க்கிழமை எனக்கும் வயிறு கலக்கியது. மதியத்துக்குள் ஐந்து முறை. மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் இரண்டு தடவை கைப்பேசியைக் கையில் எடுத்துக் கீழே வைத்தேன். உன் பயம் அப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் உன்மேல் ஆத்திரம் இன்னும் கூடியது. மூன்றாவது தடவை கூப்பிட்டேன்.

"நல்லவேள ஒடனே சொன்னீங்க ஆன்டி. இப்பவே வாங்க" என்றாள் தாதி.

மருந்தை நிறுத்தி வைத்துவிட்டு ஸ்டீராய்டு கொடுத்தார்கள். வயிறு அடங்கிவிட்டது. மறுபடி ஏற்றுவார்களா என்று தெரியாது. ஆனால் உயிரோடு இருக்கிறேன். ஒரே ஒரு போன், அக்கா. அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது.

மருந்தே கிடைக்காமல் போனாலும் எதையும் மறைக்கமாட்டேன். பக்கத்து நாற்காலியில் யாராவது விரல்களை ஒளித்துக்கொண்டால், அவர்கள் திட்டினாலும் எழுந்து போய்த் தாதியிடம் சொல்லுவேன்.

இப்படிக்கு,
அன்று வாயை மூடிக்கொண்ட உன் தங்கச்சி